பவரைக் கூட்டுவமா, மாமா?

கந்தளாயில் பெரும்போக அறுவடை முடிந்து, கச்சான் காற்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு. மார்ச்சும் ஏப்ரலின் முதல் பாதியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று ஓய்ந்திருக்கும். வயலில் தண்ணீர் வற்றி அரிதாள் மட்டும் நிற்கும். விடிந்ததில் இருந்து எட்டு, எட்டரை வரைக்கும் ஒரு இலை அசையாது. பிறகு வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் காற்று புரளத் தொடங்கும். பின்னேரம் இடியோடு மழை வந்தாலும் வரும். ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானத்தைப் பழக நினைக்கிற ஆளுக்கு எங்கள் பக்கத்தில் இதைவிட நல்ல காலம் கிடையாது. சிறுபோகம் வெட்டிய பிறகும் வயல் காய்ந்துதான் கிடக்கும், ஆனால் அப்போது கச்சான் அடங்கியிருக்காது. அந்தக் காற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அக்காவின் மகன் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். நடிகர் அஜித்குமார் ரிமோட் விமானம் விடும் வீடியோக்களை ஃபோனில் பார்த்துத்தான் இவனுக்கு இந்தப் பித்துப் பிடித்தது. அஜித்துக்கு இது பழைய பொழுதுபோக்கு. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்ததும், 2018இல் அந்தக் குழு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றதும் அப்போது பத்திரிகைகளில் வந்தவைதான். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அதே எம்.ஐ.டி.யில். மருமகனுக்கு இந்த வரலாறெல்லாம் இரண்டாம்பட்சம். தன் கையால் வெட்டி ஒட்டிய ஒன்று வயலுக்கு மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

விமானம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிறகு மேலே இருக்கும் வகை. ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை 110 சென்ரிமீற்றர், அகலம் 18. இரண்டு பக்கச் சிறகும் மெல்லிய V போல மேல்நோக்கி வளைந்திருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தாலும் தானாக நிமிர்வதற்குத்தான் அந்த வளைவு. சிறகின் பின் விளிம்பில் அசையும் எய்லரோன் இல்லை. திரும்புவதற்கு வாலில் ரடர், ஏறி இறங்க எலிவேட்டர், அதோடு மோட்டர். ஆக மூன்று கட்டுப்பாடுகள். பழகுகிறவனுக்கு நாலாவது தேவையும் இல்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் 2010இல் தொடங்கிய ஃப்ளைட் டெஸ்ட் குழு போன்றவர்கள் ஃபோம் போர்ட்டில் வெட்டும் வரைபடங்களை இலவசமாக வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தப் பொழுதுபோக்கின் விலையே மாறிவிட்டது. முன்பெல்லாம் பால்சா மரக் கீற்றுகளை வெட்டி, ஒட்டி, மெல்லிய கடதாசி போர்த்தி மாதக்கணக்கில் செய்வார்கள். ஒரு நொடியில் நொறுங்கும். இப்போது புத்தகக் கடையில் ஃபோம் போர்ட் வாங்கினால் ஒரு இரவில் உடம்பு வந்துவிடும்.

கடையில் போய் ‘ரெஜிபோம்’ என்று கேட்காதீர்கள். மீன் பெட்டிக்கும் ரீவி பெட்டிக்குள்ளும் வரும் அந்த வெள்ளைக் குமிழ் வகை விமானத்துக்கு ஆகாது என்றில்லை, ஆனால் சட்டென்று முறியும், முறிந்த இடத்தில் குமிழ் குமிழாக உதிரும். இரண்டு பக்கமும் கடதாசி ஒட்டிய 5 மில்லிமீற்றர் ஃபோம் போர்ட் நல்லது. கடதாசியை ஒரு பக்கம் கீறி மடித்தால் அதுவே பிணைச்சலாகிவிடும். ஒட்டுவதற்கு குளூ கன். சூப்பர் குளூ மட்டும் கிட்ட வரக்கூடாது. அது இந்த ஃபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். கடைகளில் செய்து விற்கும் விமானங்கள் ஈ.பி.ஓ. என்ற வேறு ஃபோமில் அச்சில் வார்த்தவை. அவை நசுங்கினாலும் சுடுதண்ணீர் ஊற்றினால் ஓரளவு பழைய உருவத்துக்கு வரும். எங்களுடையதற்கு அந்த வசதி இல்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு வைக்க வேண்டியதுதான்.

எல்லாம் பூட்டித் தராசில் வைத்தபோது 720 கிராம்.

முதல் பறப்பு எப்படிப் போனது என்று கேட்பீர்கள். பொடியனின் கூட்டாளி ஓடிப்போய் எறிந்தான், இவன் முழு மோட்டரையும் திறந்தான். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாகப் போகப் பார்த்தது, இடப்பக்கம் சாய்ந்தது, ஒரு தென்னை உயரத்தில் மூச்சு நின்றதுபோல் நின்று, அப்படியே சுழன்று வரம்பில் குத்தியது. மூக்கு அப்பளம். மருமகன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்ட முதல் கேள்விதான் மேலே தலைப்பில் இருக்கிறது.

“பவர் காணாது போல. பவரைக் கூட்டுவமா, மாமா?”

நான் மீன்காரரிடம் வில்தராசை இரவல் வாங்கி விமானத்தின் வாலில் கொளுவி மோட்டரை முழுதாகத் திறந்து பார்க்கச் சொன்னேன். முள் 800 கிராமைத் தாண்டியது. 720 கிராம் சாமானை 800 கிராமுக்கு மேல் இழுக்கிற மோட்டர் என்றால், அது செங்குத்தாகவே தூக்கிவிடும். பழகும் விமானத்துக்கு எடையில் பாதி இழுவை இருந்தாலே தாராளம். பவர் காணாமல் விழவில்லை, பவர் கூடித்தான் விழுந்தது.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் ஒரு கதை சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். 1903இல் அமெரிக்காவில் மனிதனை வைத்து விமானம் பறக்கவிட இரண்டு தரப்பு முயன்றுகொண்டிருந்தது. ஒருவர் சாமுவேல் லாங்லி, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர். அரசாங்கம் 50,000 டொலர் கொடுத்திருந்தது. அவருடைய விமானத்தில் இருந்த எஞ்சின் 52 குதிரைவலு, அந்தக் காலத்துக்கு அதிசயம். ஒக்டோபர் 7ஆம் திகதி பொட்டோமாக் ஆற்றில் படகின் மேலிருந்து எறிந்தார்கள், ஆற்றுக்குள் போனது. டிசம்பர் 8ஆம் திகதி திரும்ப எறிந்தார்கள், திரும்ப ஆற்றுக்குள். ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17ஆம் திகதி, சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 12 குதிரைவலு எஞ்சினோடு பறந்தார்கள். முதல் முறை 12 செக்கன். அன்றைய கடைசி முறை 59 செக்கன், 852 அடி. அவர்கள் எஞ்சினைப் பற்றி யோசிக்க முன்னரே, 1902 இலையுதிர் காலத்தில், எஞ்சினே இல்லாத கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை மணல்மேட்டில் இருந்து சறுக்கியிருந்தார்கள். லாங்லியின் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. சட்டகமும் அதை ஓட்டும் வழியும்தான் முடியாமல் கிடந்தன.

“அப்ப நாங்களும் மோட்டர் இல்லாமல் எறிந்து பார்ப்பமோ?” என்றான். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

மூக்கைச் செய்து ஒட்டி, மறுபடி வயலுக்குப் போனோம். வயல்காரர் பேராறு ஆள். நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அவர் கேட்டது, “மாடு வெருளாதா தம்பி?” என்று மட்டும்தான். இரண்டாம் தரம் வரம்பில் குந்தியிருந்து, நாங்கள் மோட்டரை நிறுத்திவைத்து எறிவதைப் பார்த்தார். விமானம் எழும்பி, தயங்கி, வாலைக் கீழே போட்டு விழுந்தது. காக்கா சிரித்துக்கொண்டு சொன்னார்: “முச்சை சரியில்ல.”

ஒரு தலைமுறை பட்டம் ஏற்றிய ஆளுக்கு அது பார்த்த உடனே தெரிகிறது. பட்டத்தில் நூலைக் கொளுவும் முச்சைக் கயிறு ஒரு விரல் மேலே போனால் பட்டம் தலைகுத்தும், ஒரு விரல் கீழே போனால் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் ஆடும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றும் அந்தப் பெரிய உருவப் பட்டங்களிலும் வேலை முழுக்க முச்சையில்தான். விமானத்தில் அந்த வேலையைச் செய்வது எடை சமன்படும் புள்ளி. சிறகுக்குக் கீழே இரண்டு பக்கமும் சுட்டுவிரலால் தாங்கிப் பிடித்தால், விமானம் மூக்கும் சாயாமல் வாலும் சாயாமல் நிற்கும் இடம். இப்படியான சாதாரணச் சிறகுக்கு அது முன் விளிம்பில் இருந்து அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். 18 சென்ரிமீற்றர் அகலம் என்றால் நாலரையில் இருந்து ஆறுக்குள். பழகும்போது நாலரை, ஐந்து என்று முன்பக்கமாக வைத்துக்கொள்வது புத்தி. மூக்குப் பாரமான விமானம் மந்தமாகப் பறக்கும், ஆனால் பறக்கும். வால் பாரமானது யாருடைய சொல்லையும் கேட்காது.

மருமகனுடைய விமானம் ஏழு சென்ரிமீற்றரில் சமன்பட்டது. காரணம் வெளியே தெரிந்தது. வாலுக்குக் கிட்ட, ரடரையும் எலிவேட்டரையும் அசைக்கும் சின்ன மோட்டர்களான சேர்வோ இரண்டு, வால் முறியாமல் இருக்கட்டும் என்று அவன் அள்ளிப் பூசிய குளூ, அதன் மேல் ஒரு அடுக்கு ஃபோம். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைத்தால்தான் சமன் வரும், ஏனென்றால் வால் தூரத்தில் இருக்கிறது, மூக்கு கிட்ட இருக்கிறது. நாங்கள் ஈயம் வைக்கவில்லை. சேர்வோ இரண்டையும் கழற்றிச் சிறகுக்குக் கீழே கொண்டுவந்து, அங்கிருந்து வால் வரை கம்பி இழுத்தோம். மேலதிக ஃபோமை உரித்தோம். பற்றரியை ஒரு விரல் முன்னுக்குத் தள்ளினோம். ஐந்து சென்ரிமீற்றருக்கு வந்தது.

மோட்டர் இல்லாமல் எறிவதற்கு ஒரு முறை இருக்கிறது. காற்று வரும் திசைக்கு எதிராக நிற்க வேண்டும். கல் எறிவதுபோல் மேலே எறியக்கூடாது. தோள் உயரத்தில், சிறகு மட்டமாக, மூக்கு இம்மியளவு கீழே பார்க்க, ஈட்டி விடுவதுபோல் நேரே தள்ளிவிட வேண்டும். நன்றாகச் சமன்பட்ட விமானம் பத்துப் பன்னிரண்டு மீற்றர் மெதுவாக இறங்கிப்போய் அரிதாளில் வயிறு தேய்த்து நிற்கும். நேரே மண்ணைப் பார்த்துப் போனால் மூக்குப் பாரம். எழும்பித் தயங்கி விழுந்தால் வால் பாரம், அல்லது எலிவேட்டர் மேலே நிற்கிறது. எப்போதும் ஒரே பக்கம் வளைந்தால் சிறகு முறுகியிருக்கிறது; கண்ணுக்கு நேரே பின்னாலிருந்து பிடித்துப் பார்த்தால் தெரியும். இந்த ஒரு பரீட்சையில் தெரிகிற அளவு வேறெந்தப் பரீட்சையிலும் தெரியாது. பற்றரியும் செலவாகாது. உடையவும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் இதைச் செய்யாமல் நேரே முழு மோட்டருக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது முதல் நாள் பார்த்த அந்த மூக்குத் தூக்கல். மோட்டரைத் திறந்தால் மேலே பாய்வது, இடப்பக்கம் இழுப்பது இரண்டும் இந்த வகை விமானத்தின் பிறவிக் குணம். சிறகு மேலே இருக்கிறது, இழுவை கீழே இருக்கிறது. வேகம் கூடினால் சிறகு தூக்கும், மூக்கு எழும்பும். விசிறி ஒரு பக்கம் சுழல உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். இதை ரிமோட்டில் எலிவேட்டரைக் கொஞ்சம் கீழே வைத்துச் சரிக்கட்டலாம் என்று எவருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் மோட்டர் ஓடும்வரை நேராகப் போகும்; தரையிறங்க மோட்டரைக் குறைத்த உடனே தலைகீழாகப் போகும். நோய் மோட்டரில், மருந்து வாலில்.

மோட்டரையே சற்றுக் கீழேயும் வலப்பக்கமும் பார்க்கத் திருப்பிவிடுவதுதான் முறை. கீழே மூன்று பாகை, வலமாக இரண்டு பாகை என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. இதற்குப் பாகைமானி எல்லாம் வேண்டாம். மோட்டரைப் பிடிக்கும் ஸ்குரூக்களுக்கு இடையில் 25 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால், மேலே உள்ள ஸ்குரூவுக்குப் பின்னால் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள வாஷர் ஒன்றைச் செருக, மோட்டர் இரண்டேகால் பாகை கீழே பார்க்கும். ஹார்ட்வெயார் கடையில் கைப்பிடி வாஷர் கிடைக்கும். மேலே ஒன்றரை மில்லிமீற்றர், இடப்பக்கம் ஒரு மில்லிமீற்றர் வைத்தோம். மோட்டர் பார்க்கக் கோணலாகத்தான் இருக்கிறது. அக்கா கூட, “இது வளைஞ்சு போச்சே தம்பி” என்றா.

ரடரும் எலிவேட்டரும் எவ்வளவு அசைய வேண்டும் என்பதிலும் இதே கதைதான். ஸ்டிக்கைத் தொட்டால் வால் ஒன்றரை அங்குலம் அடித்தது. பார்க்க ஆசையாக இருக்கும், பறக்கும்போது கையில் நிற்காது. சேர்வோவின் கையில் உட்துளைக்கும், எலிவேட்டரில் உள்ள கொம்பின் வெளித்துளைக்கும் கம்பியை மாற்றினால் அசைவு பாதியாகும். மேலே பத்து மில்லிமீற்றர், கீழே பத்து மில்லிமீற்றர் போதும். ரிமோட்டில் எக்ஸ்போ என்று ஒரு வசதி இருந்தால் முப்பது வீதம் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கின் நடுப்பகுதி மெத்தென்று ஆகிவிடும்.

புதுக் கைக்குப் பெரிய சிக்கல் இடம் வலம். விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலம் வலம்தான். நம்மை நோக்கி வரும்போது எல்லாம் மாறிவிடும். இதைக் கணக்குப் போட்டு யோசிக்க நேரம் இராது. பழகியவர்கள் சொல்லும் வழி: நம்மை நோக்கி வரும்போது எந்தச் சிறகு தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு, நிமிர்ந்துவிடும். மருமகன் இதை இரவில் மேசையில் ஸ்கேலைச் சாய்த்துச் சாய்த்துப் பழகினான்.

இனி எடை. எனக்கு இதில்தான் ருசி.

720 கிராம் எங்கே போயிருக்கிறது என்று துண்டு துண்டாக நிறுத்தோம். சக்கரமும் கம்பியும் 40 கிராம். வயலில் சக்கரத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அரிதாளில் சிக்கி விமானத்தைக் குப்புற அடிப்பது மட்டும்தான் அதன் வேலை. கழற்றினோம். கையால் எறிந்து, வயிற்றில் இறக்குவது என்று முடிவாயிற்று. வயிற்றில் இறங்கும்போது விசிறி முறியாமல் இருக்க, அதை ஸ்குரூவால் இறுக்காமல் இறப்பர் வளையத்தால் கட்டிவிட்டோம். மண்ணில் பட்டால் வளைந்துகொடுக்கும். சிறகின் உட்பக்கக் கடதாசியை உரித்தெடுத்தால் பெரிதாக என்ன குறையும் என்று அவன் கேட்டான். உரித்துத் தராசில் வைத்தால் 50 கிராமுக்குக் கிட்ட. இங்கே கிடைக்கும் ஃபோம் போர்ட் அந்த வெளிநாட்டு வரைபடங்கள் மனதில் வைத்திருக்கும் ஃபோமை விடப் பாரம், பாரத்தில் பெரும்பங்கு கடதாசிதான். வெளிப்பக்கக் கடதாசியை விட்டுவிட வேண்டும், அதுதான் பலம். ஆனால் காலை வயலில் பனி. நனைந்த கடதாசி ஊறிப் பிரியும். அதனால் சிறகின் முன் விளிம்பிலும் வயிற்றிலும் பாக்கிங் டேப் ஒட்டினோம்.

மீதி எழுபது கிராம் பற்றரியில் வந்தது. இவன் வாங்கியிருந்தது 2200 மில்லியம்பியர் மணி, மூன்று செல். ஏறத்தாழ 180 கிராம். 1300க்கு மாறினால் 110. “கன நேரம் பறக்காதே மாமா” என்றான். கணக்குப் பார்ப்போம். மெதுவாகப் பறக்கும்போது இந்த மோட்டர் சராசரி ஏழு அம்பியர் எடுக்கிறது. பற்றரியில் எண்பது வீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. அப்படியென்றால் ஒன்பது நிமிடம். புதுக்கை ஒன்று ஒன்பது நிமிடம் விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் கழுத்தும் மனமும் தானாகவே இறங்கச் சொல்லும்.

இப்போது 560 கிராம். இதனால் என்ன லாபம் என்றால், ஒரு விமானம் இதற்குக் கீழே போனால் விழுந்துவிடும் என்றொரு வேகம் இருக்கிறதல்லவா, அது எடையின் வர்க்கமூலத்தோடு மாறும். 720 கிராமில் அது மணிக்கு 28 கிலோமீற்றர் அளவில் இருந்தது. 560இல் இருபத்து நாலரைக்கு வந்துவிட்டது. பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் அந்த வேகத்தில் போய் மோதினால் ஃபோம் தாங்க வேண்டிய சக்தி எடையோடும் கூடும், வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டையும் பெருக்கினால் எடையின் வர்க்கம் வருகிறது. எடையை இருபத்திரண்டு வீதம் குறைத்தோம், அடி நாற்பது வீதம் குறைந்தது. மூக்கு அப்பளமாவதற்கும் ஒரு கோடு மட்டும் விழுவதற்கும் உள்ள இடைவெளி அதுதான். இதோடு இன்னொன்றும் கிடைக்கிறது: விமானம் மெதுவாக வந்தால், கையும் கண்ணும் யோசிக்க அந்த அளவு கூடுதல் நேரம். எந்தப் பெரிய மோட்டரும் தராத ஒன்று.

பற்றரி பற்றி ஒரு சொல். லிதியம் பொலிமர் பற்றரி சும்மா விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு செல் முழுதாக 4.2 வோல்ற். பறக்காத நாட்களில் 3.8இல் வைக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் பண்ணித் தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் வைத்தால் ஊதிவிடும். ஊதியதைத் திரும்பப் பாவிக்கக்கூடாது. சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கென்று தீப்பிடிக்காத பை விற்கிறார்கள். கந்தளாய் வீதியில் எருமைத் தயிர் வாங்கிச் சாப்பிடுகிற எங்களுக்கு அது தேவையில்லை; வெறும் தயிர்ச்சட்டியில் மணல் போட்டு அதற்குள் வைத்து, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்தால் முடிந்தது. ரிமோட்டை முதலில் போட்டுவிட்டுத்தான் விமானத்தின் பற்றரியைக் கொளுவ வேண்டும். கழற்றும்போது பற்றரி முதல், ரிமோட் கடைசி. வீட்டுக்குள் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ரிமோட் சிக்னல் அறுந்தால் மோட்டர் தானாக நிற்கிறதா என்று தரையிலேயே பாருங்கள்.

எங்கள் வானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது வெறும் வானம் இல்லை. இங்கிருந்து முப்பது சொச்சம் கிலோமீற்றரில் சீனக்குடா. விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து வந்த விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் போய் விழுந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். கிட்டத்து நாட்களுக்கு வந்தால், 2020 டிசம்பர் 15ஆம் திகதி சீனக்குடாவில் இருந்து கிளம்பிய பி.டி.-6 பயிற்சி விமானம் எங்கள் கந்தளாய் சூரியபுரவில் விழுந்து, அதில் இருந்த இளம் பயிற்சி விமானி உயிரிழந்தார். இந்த வானத்தில் பழகிக்கொண்டிருப்பது நாங்கள் மட்டும் இல்லை என்பதை மறக்கக்கூடாது. ஆள் பறக்கும் விமானத்தின் சத்தம் கேட்டால் நாங்கள் உடனே இறக்கிவிடுகிறோம். எப்போதும் மூன்று தென்னை உயரத்துக்கு மேல் போவதில்லை.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாட்டில் ஆளில்லாப் பறப்பு எல்லாவற்றுக்கும் தடை வந்ததும் நினைவிருக்கும். இப்போது நிலைமை வேறு என்றாலும், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து, கிராமசேவகர் ஐயாவிடமும் பொலிசிலும் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் நிம்மதி. விமானத்தில் கமெரா பூட்டவில்லை. பூட்டும் எண்ணமும் இல்லை. அண்டை அயலில் வயதானவர்கள் இருக்கிறார்கள். மேலே ஏதாவது இரைந்தால் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் இந்த ஊர்களில் எப்படி வந்தது என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான். அதனால் விடுவதற்கு முன்னால் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் போவோம்.

அவன் ஒழுங்காகப் பறக்கவிட்ட காலை விசேஷமாக ஒன்றும் இல்லாமல்தான் நடந்தது. மோட்டர் பாதிக்குச் சற்று மேல். கூட்டாளி தள்ளிவிட்டான். விமானம் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு சோம்பலாக ஏறியது. ஒரு பெரிய வட்டம், இன்னொன்று. இடையில் செம்பருந்து ஒன்று வந்து மேலே நின்று பார்த்துவிட்டு, இரை இல்லை என்று தெரிந்து போய்விட்டது. திரும்பி வரும்போது இடம் வலம் ஒருமுறை குழம்பியது. கையை விட்டான், சிறகின் வளைவு தன் வேலையைச் செய்து விமானத்தை நிமிர்த்தியது. மோட்டரை நிறுத்தி இறக்கினான். காக்கா எழும்பிவந்து வயிற்றைத் திருப்பிப் பார்த்தார். “சக்கரம் எங்க?” என்று கேட்டார். அதைக் கழற்றித்தான் பறக்கவைத்தோம் என்று சொன்னால் நம்ப மாட்டார் போல இருந்தது.

கச்சானுக்கு வருகிறேன். மே பிற்பகுதியில் தொடங்கினால் ஓகஸ்ட் வரைக்கும் அது விடாது. மதியத்தில் மணிக்கு முப்பது கிலோமீற்றரைத் தாண்டி அடிக்கும்போது, அதைவிட மெதுவாகப் பறக்கிற விமானம் மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் போகும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் அது போய் விழும் இடம் உங்கள் கையில் இல்லை. காற்றின் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. குளக்கட்டையும் மரவரிசையையும் தாண்டி வரும் காற்று அதன் மறைவில் உருண்டு புரளும். கட்டுக்குப் பின்னால் அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போய் நிற்கிறவர்கள் அங்கேதான் உடைக்கிறார்கள். தடை எவ்வளவு உயரமோ அதைப்போல் பத்து மடங்கு தூரம் தள்ளி நில்லுங்கள். குளத்தோரம் யானை வரும் என்பதால் அந்தப் பக்கம் விடியற்காலை இருட்டிலும் பொழுதுபட்ட பிறகும் போவதே இல்லை.

கச்சான் காலத்தில் மேசை வேலை. அவன் இப்போது எய்லரோன் வேண்டும் என்கிறான். கேட்க வேண்டிய நேரத்தில்தான் கேட்கிறான், ரடரால் திருப்பியே களைத்துவிட்டான். பழைய சிறகை வெட்டிக் கெடுக்காமல் புதிதாக ஒன்று செய்கிறோம், பழையது காற்று மோசமான நாளைக்கும் கூட்டாளிகள் பழகவும் இருக்கட்டும். புதுச் சிறகு 120 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம். வளைவைப் பழையதில் பாதியாக்குகிறோம். நுனிகளில் பின் விளிம்பை இரண்டு மில்லிமீற்றர் மேலே முறுக்கி ஒட்டப்போகிறோம், மெதுவாக வரும்போது நுனி முதலில் சோர்ந்து சுழலாமல் இருக்க. எய்லரோன் அகலம் நாலு சென்ரிமீற்றர், அசைவு எட்டு மில்லிமீற்றர். சேர்வோ இரண்டு கூடுவதால் மொத்தம் 600 கிராமைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். தாண்டாவிட்டால், பரப்பு கூடியதால் இப்போதையதை விட மெதுவாகவே பறக்கும். ஃபோம் போர்ட் மூன்று தாளும் குளூக் குச்சி ஒரு கட்டும் வாங்கி வைத்தாயிற்று. மோட்டர் பழையதுதான்.